நடுவில் ஒரு பெரிய வட்டம்

மதியம் பன்னிரண்டு இருபத்தைந்து. முதலில் கண்ணில் பட்டவை கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டுகள். ஒரகடத்தில் பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஆலையின் கேன்டீன் அது. நீலச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து அதைக் கவிழ்த்து வைத்தார்கள். சாம்பார் வாளியோடு நின்றவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். யாரும் கோஷம் போடவில்லை, யாரும் எழுந்து பேசவில்லை. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். இடைவேளை முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து, சாப்பிடாத தட்டைக் கழுவுமிடத்தில் போட்டுவிட்டு லைனுக்குத் திரும்பிப் போனார்கள்.

என் பக்கத்தில் நின்ற பேராசிரியர் மார்லேன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சாப்பாடு அவ்வளவு மோசமா?"

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். குன்றத்தூர்க்காரி. ஒரு தமிழ் நாளிதழுக்கு இந்த வட்டாரத்துச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். கணவருக்கு நெதர்லாந்தில் வேலை கிடைத்ததால் நானும் போனேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். ஆட்களிடம் கேள்வி கேட்டு, பதிலை அப்படியே எழுதித் தருவதுதான் வேலை. நிருபர் வேலையேதான், மாலைக்குள் முடிக்க வேண்டும் என்கிற அவசரம் மட்டும் இல்லை. நிறுவனங்களில் மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்கள் சொல்வதை எப்படிக் கேட்கிறார்கள் என்பது எங்கள் துறையின் ஆராய்ச்சி. மார்லேன் அதில் பெயர் பெற்றவர். அந்த ஆராய்ச்சிக்காகத்தான் அவரோடு என்னையும் என் சொந்த ஊர்ப் பக்கத்துக்கே அனுப்பியிருந்தார்கள். இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் பெயரும் உண்மைப் பெயர் அல்ல. ஆலையின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

டச்சு மொழியில் இன்ஸ்ப்ராக் என்று ஒரு சொல் உண்டு. ஒரு முடிவு யாரைப் பாதிக்குமோ அவர்கள், முடிவெடுக்கும் முன்பே தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமை. தெருவில் ஒரு மரத்தை வெட்டுவதற்கும் இன்ஸ்ப்ராக் உண்டு. நான் அங்கே போன புதிதில் ஒரு துறைக் கூட்டம் நடந்தது. சேர்ந்து சில மாதமே ஆன ஒரு மாணவன், ப்ரோட்யே என்று அவர்கள் சொல்லும் பன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே மார்லேனிடம், "இந்த அத்தியாயம் தவறு, எனக்கு உடன்பாடு இல்லை" என்றான். நான் கடிக்க எடுத்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். மார்லேன் அதைக் குறித்துக்கொண்டு, "சொன்னது நல்லது" என்றார். எங்கள் நாளிதழில் ஆசிரியர் போட்ட தலைப்பு முழுக்கத் தப்பாக இருந்தாலும், "சூப்பரா கீது சார், ஒரு சின்ன டவுட்டு" என்றுதான் ஆரம்பிப்போம். அந்த 'சின்ன டவுட்டு' எவ்வளவு பெரியது என்று அவருக்கும் தெரியும். அந்த நாட்டில் ஒருவர் பேசாமல் இருந்தால் அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பழகிக்கொள்ள எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.

ஷிப்ட் முடிந்து நான் பெண்களோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். மார்லேன் காரில் போனார். என் பக்கத்து இருக்கையில் கலைவாணி. குன்றத்தூர் தாண்டி ஒரு கிராமம். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கற்றையாகக் கட்டும் லைனில் நின்று வேலை செய்பவள். அடுத்த மாதத்தோடு அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. இந்த முறை பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"சாப்பாடு நல்லா இல்லியா?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு இன்னாக்கா? வூட்டுல ஆக்கறத விட நல்லாவே கீது. இன்னிக்கு முட்ட வேற."

பின்னாலிருந்து தேவி என்கிற பெண் தலையை நீட்டினாள். "முட்ட போடற நாள்ல கவுக்க வேணாம்னு நான் அப்பவே சொன்னேன். நாளைக்கு வெண்டிக்கா. நாளைக்கு கவுத்திருக்கலாம்ல?"

"உனுக்கு வெண்டிக்கான்னா கூட ரெண்டு தட்டு போவும்," என்றாள் கலைவாணி. பஸ் சிரித்தது.

விஷயம் சாப்பாடு இல்லை. ரிலீவர். லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருத்தி கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அவள் இடத்தில் இன்னொருத்தி நின்று கைவேலையைத் தொடர வேண்டும். அதற்கென்று ஒருத்தி இருப்பாள், அவள்தான் ரிலீவர். அந்த ஆளை நீக்கிவிட்டார்கள்.

"இப்ப சூப்ரவைசர் மூஞ்ச பாத்துகினே நிக்கணும்கா," என்றாள் கலைவாணி. "அவரு எப்ப தலையாட்றாரோ அப்ப ஓடணும். தண்ணி குடிக்கறதயே உட்டுட்டோம். இதோ, இவளுக்கு யூரின் இன்பெக்ஷன் வந்து ரெண்டு நாள் லீவு."

மார்லேன் என்னைக் கேட்கச் சொல்லியிருந்த கேள்வியைக் கேட்டேன். "நேரா ஹெச்.ஆர்.கிட்ட சொல்லலாமே?"

"யாரு சொல்றது? தேவி, நீ சொல்றியா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலடி. வாழணும்."

"சரி, மொதல்ல யாரு தட்டக் கவுத்தது?" என்று கேட்டேன்.

இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. "எல்லாரும்தான்."

இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. நிருபராக இருந்தபோது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலை வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர், "யாருய்யா இங்க லீடர்?" என்றார். "எல்லாரும்தான் சார்." "எல்லாரையும் ஒரே ஜீப்ல ஏத்த முடியாதுய்யா." கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் சொன்னான்: "அதுக்குதான் சார்." இதை நான் பெட்டிச் செய்தியாக எழுதிக்கொடுத்தேன். மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தலைவர் இல்லாமல் இருப்பது இந்த வட்டாரத்தில் அறியாமையால் வருவதல்ல, யோசித்துச் செய்த ஏற்பாடு. தட்டுகள் ஒரே நேரத்தில் கவிழ வேண்டும். முதல் தட்டு என்று ஒன்று இருக்கக் கூடாது.

ஆனால் தலைமையைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு ஒரு தலைவர் வேண்டும். மார்லேன் கெட்டவர் இல்லை. கவிழ்ந்த தட்டுகளின் பொருளை நான் விளக்கியபோது அவர் கண் கலங்கியது. இத்தனை பேரை ஒரு சொல்கூட இல்லாமல் ஒன்றாக இயங்க வைப்பது சாதாரணத் திறமை அல்ல, இதற்குள் ஒருவர் இருக்கிறார், அவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது, உலகம் முழுவதும் பயன்படுத்துவதுதான். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்பது: வேலையில் ஒரு சிக்கல் என்றால் நீங்கள் முதலில் யாரிடம் போவீர்கள்? ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டு, அவர் யாரைச் சொல்கிறாரோ அந்த வட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போடுவார்கள். நிறைய அம்புகள் வந்து விழும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும்.

கேள்வியை நான்தான் தமிழில் கேட்டேன். பயிற்சி அறையில், சூப்பர்வைசர் யாரும் இல்லாமல். ஏறக்குறைய எல்லோரும் சொன்ன பெயர் ஒன்றுதான்: கலைவாணி. பழைய பழக்கத்தில் கூடவே ஒரு கேள்வியும் கேட்டுவைத்தேன். ஏன் கலைவாணி?

"பாராசிட்டமால் அவகிட்டதானே கீது," என்றாள் தேவி.

கலைவாணியின் பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். சேஃப்டி பின், நாப்கின், இஞ்சி மிட்டாயும் இருக்கும். முதலுதவிப் பெட்டி சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் இருப்பதால், அங்கே போய் எதற்கென்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இவளிடம் போனார்கள். அம்புக்குறிகளின் கதை இவ்வளவுதான். இதை மார்லேனிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அதைத்தானே நாங்கள் தலைமை என்கிறோம்! பதவி இல்லாமல், யாரும் சொல்லாமல், மற்றவர்களைக் கவனித்துக்கொள்வது." புத்தகப்படி அவர் சொன்னது சரி.

அவருடைய நாட்டில் ஒருவரைப் பலர் முன்னால் புகழ்வது அவருக்குச் செய்யும் நன்மை. எங்கள் துறைச் செயலாளர் ஓய்வு பெற்ற நாளில் மார்லேன் எழுந்து, இந்தத் துறையின் உண்மையான தலைவர் இவர்தான் என்றார். கைதட்டினார்கள், பூங்கொத்துக் கொடுத்தார்கள், அந்த அம்மாள் அழுதார். மேலே இருப்பவரின் பார்வை தன்மேல் விழுவது அங்கே அதிர்ஷ்டம். அதே அன்பைத்தான் மார்லேன் ஒரகடத்துக்கும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஆய்வின் முடிவுகளை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லும் நாளுக்கு முந்தைய மாலை, வட்டங்களும் அம்புகளும் உள்ள அந்தப் படத்தைக் காட்ட வேண்டாம் என்று மார்லேனிடம் கேட்டேன். பெயர்களை நீக்கியாகிவிட்டது, ஆய்வு நெறிக் குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டது என்றார். மறுநாள் மாநாட்டு அறையில் டீயும் முறுக்கும் வைத்திருந்தார்கள். ஹெச்.ஆர். மேலாளர் ரகுநாதன் முதல் வரிசையில் இருந்தார். தன்மையான மனிதர். எம்.பி.ஏ. படித்தவர், தலைமைப் பண்பு பற்றி அவரே புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பார். படம் திரைக்கு வந்ததும்தான் நான் அதை முழு அளவில் பார்த்தேன். பெயர்கள் இல்லை, எண்கள்கூட இல்லை. ஆனால் வட்டங்கள் லைனில் பெண்கள் நிற்கும் அதே வரிசையில் இருந்தன. தூணுக்கு ஒரு சதுரம், வாசலுக்கு ஒரு கோடு. படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக யாரோ அப்படி வரைந்திருந்தார்கள். நடுவில், மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம்.

நான் கையைத் தூக்கினேன். "மார்லேன், இந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடலாம்."

"நல்ல கருத்து," என்று புன்னகைத்தார். அத்தனை பேர் முன்னால் நான் மறுத்துப் பேசியதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "பிறகு பேசுவோம்." படம் திரையிலேயே இருந்தது. அவர் இரண்டு பரிந்துரைகள் சொன்னார். ரிலீவரைத் திரும்பப் போடுங்கள். இந்த நடு வட்டத்தில் இருப்பவர் இயல்பான தலைவர், அவரை வளர்த்தெடுங்கள். ரகுநாதன் பேனாவின் மறுமுனையால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தார். தூணிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பேனாவைத் திருப்பி எதையோ எழுதினார்.

"வெரி யூஸ்ஃபுல் இன்புட், மேடம்," என்றார்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரமாகக் கார் திரும்பி வரும்போது மார்லேன் மகிழ்ச்சியாக இருந்தார். "அவர்கள் கேட்டார்கள்," என்றார். "பார்த்தாயா, குறித்துக்கொண்டார்கள்." நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரகுநாதனிடம் கிளம்பும்போது தனியாகப் பேசியிருந்தேன். அந்தப் படத்தை வைத்து யாரையும் எதுவும் செய்துவிடக் கூடாது என்றேன். "நீங்க நம்ம ஊரு, உங்களுக்குத் தெரியாததா? இங்க எல்லாரும் ஒரே ஃபேமிலி மேடம்," என்று சொல்லி, முறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார்.

மாதம் பிறந்த முதல் நாள் வழக்கம்போல் பஸ் வந்தது, கலைவாணி ஏறினாள். ஆலை வாசலில் அட்டையைக் காட்டியபோது கதவு திறக்கவில்லை. காவலாளிக்கு அவளைத் தெரியும்.

"கலை, உன் கார்டு வுழல. ஆபீஸ்ல கேளு."

"ஆபீஸ் உள்ள கீதுண்ணா. நான் வெளிய நிக்கறேன். எப்டி கேக்கறது?"

அவர் அடுத்தவளின் அட்டையைப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. கலைவாணி ஒதுங்கி வழிவிட்டாள். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை என்று மாலையில், அவளை ஆலைக்கு அனுப்பிய ஆள் சேர்க்கும் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது.

நெதர்லாந்து திரும்புவதற்கு முன் குன்றத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் அவளைப் பார்த்தேன். அதற்குள் மூன்று ஏஜென்சிகளுக்குப் போய் வந்திருந்தாள். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி நடந்தது. முதலில் ஆள் வேண்டும் என்கிறார்கள். ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்த பிறகு, அப்புறம் சொல்கிறோம் என்கிறார்கள். இந்தச் சாலையில் ஆலைகள் ஒன்றோடொன்று போட்டி போடலாம். ஆட்களை எடுக்கிறவர்களுக்குள் போட்டி கிடையாது. ஓர் இடத்தில் ஒரு பெயர் விழுந்தால் எல்லா இடத்திலும் விழுந்துவிடும்.

அவளுக்கு என்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"படத்துல நான் பெருசா இருந்தேனாமேக்கா?"

"யாரு சொன்னது?"

"சூப்ரவைசர்தான். கடைசி நாள் வந்து நிக்கறாரு. 'இன்னா கலை, நீதான் பெரிய ஆளாமே, வெள்ளக்காரம்மா படம் போட்டு காட்னாங்களாமே'ன்னு சிரிக்கறாரு. நான் பெரிய ஆளுல்லாம் இல்ல சார், எம் பையில மாத்திர கீது, அவ்ளோதான்னேன். அவரு நம்பல."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் மார்லேன் சொன்னதைச் சொன்னேன். எனக்கு முன்பே நெதர்லாந்து திரும்பிவிட்ட அவர், செய்தி கேட்டுத் தொலைபேசியில் அழுதிருந்தார். கலைவாணிக்கு ஒரு சான்றுக் கடிதம் எழுதித் தருவதாகவும், பல்கலைக்கழக முத்திரையோடு அவளுடைய தலைமைப் பண்பை விரிவாகக் குறிப்பிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

கலைவாணி சிரித்துவிட்டாள். "ஐயோ, அத வெச்சிகினு நான் எந்த கேட்டுக்குப் போவேன்? இருக்கறதும் பூடும்." பிறகு, "அவங்கள அழ வேணாம்னு சொல்லுக்கா. நல்ல மாதிரி. எனக்கு சாக்லேட் குடுத்தாங்க," என்றாள்.

மார்லேன் அதோடு நிற்கவில்லை. ரகுநாதனுக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினார். அன்றே பதில் வந்தது: கான்ட்ராக்ட் அதன் காலம் முடிந்ததால் முடிந்தது, இதற்கும் ஆய்வுக்கும் சம்பந்தம் இல்லை, தங்கள் அக்கறைக்கு நன்றி. அதைப் படித்த மார்லேனின் தோள்கள் இறங்கின. எழுத்தில் வந்த பதில் அவருடைய நாட்டில் பதில்தான். எனக்கு அந்த நான்கு வரிகளைப் படிக்கத் தெரிந்த விதம் அவருக்குத் தெரியாது. அவருக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? ரகுநாதன் ஓர் இடத்திலும் பொய் சொல்லவில்லையே.

நான் திரும்பியதும் நடந்த துறைக் கூட்டத்தில், இந்த ஆலையின் கதையை ஆய்வுக் கட்டுரையில் சேர்க்கக் கூடாது என்றேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக, சின்ன டவுட்டு எதுவும் இல்லாமல், "எனக்கு உடன்பாடு இல்லை" என்று டச்சு மொழியிலேயே சொன்னேன். எல்லோரும் முழுதாகக் கேட்டார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. நான் சொன்னது நியாயம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், எப்போதும் எதிர்த்துப் பேசும் அந்த மாணவனும் சொன்னான். கூட்டக் குறிப்பில் என் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். பிறகு, படத்தில் வட்டங்களின் இடத்தை மாற்றிக் கலைத்துவிட்டால் போதும் என்று முடிவானது. இப்போது அதை வைத்து யாராலும் எதையும் எண்ண முடியாது. கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது. ஒரகடத்தில் வாயைத் திறந்தால் வேலை போகும் என்று பயந்து பேசாமல் இருந்தார்கள்; பேசாமல் இருந்தும் போனது. இங்கே பேசினால் எதுவும் போகாது. எதுவும் வராது என்பதையும் தெரிந்துகொண்டேன். ஊரில் இருப்பவர்கள் என்னிடம், "அங்கெல்லாம் மரியாதையா காது குடுத்து கேப்பாங்களாமே?" என்பார்கள். கேட்பார்கள். ஆமாம்.

போன வாரம் கலைவாணி அழைத்தாள். எனக்கு மதிய இடைவேளை, அவளுக்கு ஷிப்ட் முடியும் நேரம். உள்ளே பேசினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று கோட்டுகூடப் போடாமல் வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு வந்து பேசினேன். கண்ணாடிக்கு உள்ளே என் நாற்காலியில் என் கோட்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் அதைச் சுற்றி வந்து அமர்ந்தார்கள். ஒரு பெண் அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு கோப்பை காபி வைத்துவிட்டுப் போனாள்.

"வேலை கெடச்சிடுச்சிக்கா," என்றாள் கலைவாணி. "ரெண்டு கேட்டு தள்ளி. அதே ஒயர் வேலதான்."

"ஆதார் போட்டுப் பாத்தா தெரிஞ்சிருக்குமே?"

"தங்கச்சி ஆதார்ல சேந்துட்டேன். மூஞ்சி ஒரே மாதிரிதானே இருக்கும், ஏஜென்சிக்காரன் கண்டுக்கல. சேக்கறதுக்கு ஆள் வேணும் அவனுக்கு."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிகினா மாட்டிகினதுதான். வூட்டுல அடுப்பு எரியணும்ல?" குரலைத் தாழ்த்தினாள். "இப்பல்லாம் பையே எடுத்துகினு போறதில்லக்கா. தலவலின்னு யாராச்சும் வந்தா, எனக்குத் தெரியாதுப்பான்னுடுவேன். நீ இத எழுதறதுன்னா எழுது. பேர மட்டும் போட்றாத."

பின்னணியில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒரு பெண் கத்தினாள்: "ரேவதி! ஏ ரேவதி, சீட்டு கீது, சீக்கிரம் வா!"

"தோ வரேன்டி!" என்றாள் கலைவாணி. போன் நின்றது.

தங்கை ரேவதி பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறாள். ஏப்ரலில் படிப்பு முடிந்ததும் அவளும் அதே ஆதாரைக் காட்டித்தான் வேலை கேட்க வேண்டும்.